பட்டறையில் படம் எடுக்க 50 வேண்டாம், இந்த 24 போதும்

கைவினைஞர்கள் வேலை செய்வதை, ஃபிளாஷ் இல்லாமல், இருக்கிற வெளிச்சத்திலேயே படம் எடுக்கப் போகிறேன், என்ன லென்ஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "50 எம்எம் எஃப் 1.8 வாங்கிக்கோ, இருட்டுல நல்லா வரும், விலையும் கம்மி." இருட்டில் நன்றாக வரும் என்பது நிஜம்தான், எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் நம்மில் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது கிராப் சென்சார் கேமரா, அதாவது சென்சார் சிறியது, அதனால் எந்த லென்ஸை மாட்டினாலும் பார்வை குறுகிவிடும். அதில் 50-ஐ மாட்டிக்கொண்டு ஒரு நெசவாளர் வீட்டுக்குள்ளோ விளக்குப் பட்டறைக்குள்ளோ போனால், முதுகு சுவரில் முட்டிய பிறகும் ஃபிரேமுக்குள் பாதி ஆள்தான் இருப்பார். அவர் என்ன செய்கிறார், எதன் மேல் செய்கிறார், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். இந்த வேலைக்கு நான் சில வருஷமாகப் பயன்படுத்துவது கேனான் இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம். 2014-ல் வந்த லென்ஸ். அப்போதும் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை, இப்போது சுத்தமாகப் பேசுவதில்லை.

லென்ஸின் ஜாதகம் சுருக்கமாக: எடை 125 கிராம், தடிமன் 22.8 மில்லிமீட்டர், ஃபில்டர் அளவு 52 எம்எம், அப்பெர்ச்சரில் ஏழு பிளேடு, கிட்டத்தில் 16 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும். கேனான் கிராப் கேமராவில் 1.6-ஆல் பெருக்கினால் 38 எம்எம் லென்ஸின் பார்வை கிடைக்கும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் வசதி கிடையாது. மவுன்ட் உலோகம்தான், பிளாஸ்டிக் இல்லை. ஹூட் தனியாக வாங்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் இது மாட்டவே மாட்டாது, அதனால் 6டி மாதிரி கேமரா வைத்திருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, காஞ்சிபுரத்துக்கு வருவோம். குழித்தறியில் நெசவாளரின் கால் குழிக்குள் இருக்கும், அவர் உட்கார்ந்திருப்பது தரை மட்டத்தில். நின்றுகொண்டு எடுத்தால் தலையும் முதுகும்தான் வரும், நாமும் தரையில் உட்கார்ந்தே ஆக வேண்டும். பட்டுப்புடவையின் அகலம் ஏறக்குறைய 48 அங்குலம், ஒன்றேகால் மீட்டர் பக்கம். இந்த 24-ஐ வைத்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஃபிரேம் அகலம் கிட்டத்தட்ட 1.4 மீட்டர், தறியில் நீளவாக்கில் கட்டிய நூலான பாவு முழுக்க உள்ளே வந்துவிடும். அதே இடத்தில் 50-ஐ மாட்டினால் 67 செ.மீ.தான் தெரியும். முழு அகலமும் வேண்டுமென்றால் மூன்று மீட்டர் பின்னால் போக வேண்டும், அந்த வீடுகளில் மூன்று மீட்டர் பின்னால் என்றால் அடுப்படி. கோர்வைப் புடவை என்றால் இன்னும் சிக்கல். உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால் கரைக்குத் தனி நாடா, அதைத் தள்ளிவிட நெசவாளருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். அந்த இரண்டு பேரின் கைகளும் ஒரே படத்தில் இருந்தால்தான் கோர்வை என்ன வேலை என்று பார்ப்பவருக்குப் புரியும். 50-ல் ஒருவர் கைதான் வரும். அழகாகத்தான் வரும், பின்னணி எல்லாம் மங்கிப்போய், ஆனால் அதை எந்தத் தறியில் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. எஃப் 1.8-ஐ விட்டுவிட்டு எஃப் 2.8-க்கு வந்தால் வெளிச்சம் பற்றுமா? கணக்குப்படி ஒன்றே கால் ஸ்டாப்புக்குச் சற்று மேல் நஷ்டம், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகிறது என்று அர்த்தம். 50-காரர் சென்சாரின் வெளிச்ச உணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600 வைக்கும் இடத்தில் நாம் 4000 வைக்க வேண்டும், காகிதத்தில் இது பெரிய வித்தியாசம். பட்டறையில் இந்த வித்தியாசம் கரைந்துபோவதுதான் வேடிக்கை.

ஒன்று, கை நடுக்கம். ஐஎஸ் இல்லாத லென்ஸுக்கு, ஃபோக்கல் நீளத்தை 1.6-ஆல் பெருக்கி அதற்குக் குறையாத ஷட்டர் வேகம் வைப்பது வழக்கம். 50-க்கு 1/80, 24-க்கு 1/40. அங்கேயே ஒரு ஸ்டாப் திரும்பி வந்துவிட்டது. இரண்டு, ஆழம், அதாவது முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் தெளிவாக வரும் என்பது. உளி பிடித்த கை, உளியின் நுனி, அது தொடும் இடம் மூன்றும் தெளிவாக இருந்தால்தான் அது வேலையின் படம். 50-ஐ எஃப் 1.8-ல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால் தெளிவாக இருப்பது இரண்டரை செ.மீ. அளவுக்குத்தான். நுனி தெளிவாக இருந்தால் விரல் மங்கும், விரலுக்கு ஃபோகஸ் வைத்தால் நுனி போய்விடும். அதனால் 50 வைத்திருப்பவரும் எஃப் 2.8-க்கோ எஃப் 4-க்கோ இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கிவிட்டால் 1.8 என்று பணம் கொடுத்து வாங்கியது எதற்கு? 24-ல் அதே ஒரு மீட்டரில் எஃப் 2.8-ல் ஏறக்குறைய 19 செ.மீ. ஆழம் கிடைக்கும். ஒரு கையும் ஒரு கருவியும் தாராளமாக அடங்கும்.

சுத்தியல் அடிப்பதை உறைய வைக்க வேண்டும் என்றால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, அதற்கு 1/250-க்கு மேல் வேண்டும், எந்த லென்ஸாக இருந்தாலும். ஆனால் எல்லா அடியையும் உறைய வைக்க வேண்டுமா என்ன. மானாமதுரையில் கடம் வாத்தியத்துக்கான பானையை உள்ளே ஒரு கை தாங்க வெளியே பலகையால் தட்டித் தட்டி வடிவம் கொண்டுவருவார்கள். அதை 1/60-ல் எடுத்தால் பானை அசையாமல் நிற்க, தட்டும் கை மட்டும் கலங்கி வரும், வேலை நடக்கிறது என்று பார்த்தாலே தெரியும். 24-ல் 1/60 என்பது மூச்சைப் பிடிக்காமலே கையில் நிற்கும் வேகம்.

டியூப் லைட் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இயற்கை வெளிச்சம், இயற்கை வெளிச்சம் என்று நாம் எவ்வளவு பீற்றிக்கொண்டாலும் முக்கால்வாசிப் பட்டறைகளில் தலைக்கு மேல் ஒரு டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும். "அண்ணே, அதை அணைச்சிருங்க" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். தறியில் இருப்பவருக்கு இழை தெரிய அந்த வெளிச்சம் வேண்டும், நமக்காக அவர் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் நிறுத்தினால் படத்தில் பட்டை விழாது. வாசல் பக்கத்துப் பகல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் வெளிச்சம் இன்னொரு நிறம் என்று முகத்தில் இரண்டும் கலந்து வருவதை மட்டும் அங்கே தடுக்க வழி இல்லை, ரா (RAW) கோப்பாக எடுத்துவிட்டு வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அவர் வாசலை ஒட்டிச் செய்யும் வேலைக்காகக் காத்திருக்கலாம். காலையில் பாவைத் தெருவில் விரித்து வேலை செய்வார்கள், அந்த வெளிச்சத்துக்கு எந்த லென்ஸும் போதும்.

இந்த லென்ஸை நான் அதிகம் நேசிக்கும் இடம் சுவாமிமலை. பஞ்சலோக விக்கிரகம் என்றாலே எல்லோரும் உலோகம் ஊற்றுவதைத்தான் படம் எடுக்கப் போகிறார்கள், எனக்கு அதற்கு முன்னால் நடக்கும் மெழுகு வேலைதான் பிடிக்கும். தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் மூன்றையும் காய்ச்சிச் சேர்த்த மெழுகில் முழு உருவத்தையும் முதலில் கையால் செய்துவிடுவார்கள். தென்னை ஓலையை மடித்து மடித்து, சிற்பங்களுக்கான அளவு முறையான தாளக் கணக்கில் அளவு எடுப்பார்கள். அப்புறம்தான் அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மேலும் மேலும் மண் பூசிக் கம்பி கட்டி, சூடாக்கி மெழுகை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. அச்சை உடைத்துத்தான் விக்கிரகத்தை எடுக்க வேண்டும், அதனால் ஒரு மெழுகுக்கு ஒரு விக்கிரகம்தான்.

படம் எடுப்பவருக்கு இதில் சங்கடம் என்னவென்றால், அந்த மெழுகு கரும்பழுப்பு. எதிரே இருந்து வெளிச்சம் விழுந்தால் ஒரு இருட்டுக் கட்டி, அவ்வளவுதான். மூக்கு, உதடு, ஆரத்தின் முத்து எதுவும் தெரியாது. வாசலோ ஜன்னலோ உருவத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நாம் இடம் மாற வேண்டும், அப்போது வெளிச்சம் மெழுகின் மேல் சறுக்கிக்கொண்டு போகும், ஒவ்வொரு கீறலும் எழுந்து நிற்கும். இதற்கு ஸ்தபதியை நகரச் சொல்லக் கூடாது, அவர் தன் கண்ணுக்குத் தோதான வெளிச்சத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் அதுவே நமக்கும் தோதான வெளிச்சம். நாம்தான் அவருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச இடத்தில் நுழைந்து உட்கார வேண்டும். அங்கே 50-க்கு வேலையே இல்லை. 35 செ.மீ.க்குக் கிட்டே அது ஃபோகஸ் ஆகாது, 24 பாதிக்கும் குறைவான தூரத்தில் ஆகிவிடும். முழுக்க நெருங்கினால் எட்டு செ.மீ. அகலமுள்ள ஒரு பகுதி ஃபிரேமை நிறைக்கும், விக்கிரகத்தின் முகமும் அதைத் தொடும் கட்டைவிரலும்.

ஆனால் அவ்வளவு நெருங்கும்போது லென்ஸுக்கு முன்னால் மிஞ்சுவது ஒன்பது செ.மீ. சொச்சம்தான். கேமராவின் நிழல், நம் தலையின் நிழல் எல்லாம் வேலை மேலேயே விழும், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் நாமே மறைத்துக்கொண்டு நிற்போம். ஸ்தபதியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு "கொஞ்சம் தள்ளிக்கங்க தம்பி" என்பார். அதனால் 16 செ.மீ. என்பதை விளம்பர எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், 25, 30 செ.மீ.தான் நடைமுறை. தூரம் குறையக் குறைய கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதும் உண்டு. கட்டைவிரல் விக்கிரகத்தின் தலையைவிடப் பெரிதாக வந்தால் யாருக்கும் பிடிக்காது.

சின்னதாக இருப்பதில் நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு. பெரிய ஜூமைத் தூக்கிக்கொண்டு போனால் சேனல்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள், சட்டையை மாட்டிக்கொள்ள எழுந்துகூடப் போவார்கள். இதைப் பார்த்தால் "என்னங்க, லென்ஸையே காணோம்" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்துவிடுகிறார்கள். பத்தமடையில் கோரைப் பாய் நெய்வது பெரும்பாலும் வீட்டுக்குள், பெண்கள் செய்யும் வேலை. அங்கே கேமரா சின்னதோ பெரியதோ, முதலில் பேசி, அவர்கள் சரி என்ற பிறகுதான் பையைத் திறக்க வேண்டும், சிலர் கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள், கையை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு இந்த லென்ஸ் பாதி நல்லது, பாதி தொல்லை. மண் அச்சில் வார்ப்பது, கடைசலில் வைத்துத் தேய்ப்பது வரைக்கும் பிரமாதம். மெருகு ஏறிய பிறகு பித்தளை கண்ணாடிதான், கிட்டே போகும் எதையும் காட்டும். 24-ல் நெருங்கினால் அன்னத்தின் கழுத்தில் நம் சட்டை, நம் கேமரா, பின்னால் நிற்கும் நண்பர் எல்லோரும் தெரிவார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்பதைத் தவிர இதற்கு என்னிடம் மருந்து இல்லை. மாறாக, ஆத்தங்குடித் தரை ஓடு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான லென்ஸே இல்லை என்பேன். கண்ணாடிப் பலகை மேல் சட்டம் வைத்து, பூ வடிவ அச்சுக்குள் நிறக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கியதும் அதன் மேல் சிமென்டும் மணலும் போடுகிறார்கள். நிறம் ஊற்றிய அந்தச் சில விநாடிகளில் நின்றபடியே நேர் மேலிருந்து எடுத்தால் பலகை, இரண்டு கை, நிறக் குவளைகள் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்து உட்காரும்.

எங்கே இதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்றால், வார்ப்பு. உருகிய உலோகம் ஆயிரம் டிகிரி பக்கம் இருக்கும், அதை ஊற்றும்போது கிட்டே போய் நிற்பது உங்களுக்கும் ஆபத்து, ஊற்றுகிறவர்களுக்கு அதைவிட ஆபத்து. அவர்கள் நடக்கும் வழியில் நீங்கள் இருக்கவே கூடாது. இதற்கு 50 சரி, 55-250 ஜூம் இன்னும் சரி. எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் குறைத்து வைத்தால் உலோகத்தின் சிவப்பும் மஞ்சளும் நிற்கும், இல்லையென்றால் வெள்ளைக் கோடுதான். ஆளின் முகத்தை மட்டும் எடுப்பதற்கும் இது ஆகாது. நெருங்கினால் மூக்கு பெருக்கும், விலகினால் முகம் சிறுக்கும், அந்த இடத்தில் 50-காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கலாம். மாமல்லபுரத்தில் கல் தூசி பறக்கும் கொட்டகையில் லென்ஸ் மாற்றுவது சென்சாருக்கு நாமே வைக்கும் ஆப்பு என்பதால், நான் அங்கே இதையே மாட்டிக்கொண்டு போய் இதோடேயே திரும்பிவிடுவேன், முகப் படங்களை விட்டுவிடுவேன்.

மற்ற குறைகள்: எஃப் 2.8-ல் மூலைகள் இருளும், ஆனால் பட்டறைப் படத்தில் மூலை இருட்டாக இருந்தால் யாரும் புகார் சொன்னதில்லை. ஃபோகஸ் செய்யும் எஸ்டிஎம் மோட்டார் அமைதியானது, வேகம் சுமார். இருட்டு மூலையில் மெழுகு மாதிரி மழமழப்பான பரப்பைக் காட்டினால் முன்னும் பின்னும் தேடும், விரல் நகத்தின் விளிம்பைக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். 200டி மாதிரி டூயல் பிக்சல் ஃபோகஸ் உள்ள கேமராவில், திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூ வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, கேமராவைத் தரையோடு தரையாக வைக்கவும் வசதி. வீடியோ எடுப்பவர்களுக்கு ஐஎஸ் இல்லாதது உறுத்தும், சின்ன டிரைபாட் இல்லாமல் முடியாது.

நெசவாளருக்குப் புடவைக்கு இவ்வளவு என்றுதான் கூலி, மாதச் சம்பளம் இல்லை. நமக்காக அவர் நாடாவை நிறுத்தும் ஒவ்வொரு நிமிஷமும் அவர் காசு. லென்ஸை மாற்றி மாற்றி, "அண்ணே இன்னொரு தடவை அதே மாதிரி" என்று கேட்டு எடுப்பதைவிட, ஒரே லென்ஸோடு ஓரமாக உட்கார்ந்து அவர் வேகத்துக்கு எடுப்பதில் அவருக்கு நஷ்டம் குறைவு. நிறுத்தச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அந்த நேரத்துக்குப் பணம் கொடுத்துவிடுங்கள், ஃபோட்டோவை அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள். எத்தனையோ பட்டறைகளில் "வந்தாங்க, எடுத்தாங்க, போனாங்க" என்ற வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் இதை அடாப்டரோடு மாட்டலாம், ஆனால் அடாப்டரும் சேர்ந்தால் சின்ன லென்ஸ் என்ற சுகம் போய்விடும். கேனானின் மிரர்லெஸ் லென்ஸ் வரிசையான ஆர்எஃப்பில் 2023-ல் வந்த 28 எம்எம் எஃப் 2.8 இருக்கிறது, 120 கிராம், கிராப்பில் 45 எம்எம் பார்வை, சற்றே நெருக்கம். காசு இருந்தால் 24 எம்எம் எஃப் 1.8 மேக்ரோ, அதில் ஐஎஸ்ஸும் உண்டு, நான் மேலே புலம்பியதில் பாதிக்கு அதில் தீர்வு இருக்கிறது. நிக்கான் இசட் கிராப் கேமராவுக்கு 24 எம்எம் எஃப் 1.7 இருக்கிறது. டிஎக்ஸ் என்ற பழைய நிக்கான் கிராப் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு 35 எம்எம் எஃப் 1.8ஜி, அது கிராப்பில் 52-53 மாதிரி ஆகிவிடும், தறி முழுக்க வராது, இருந்தாலும் கேனான் 50-ஐவிடப் பட்டறைக்கு எவ்வளவோ தேவலாம்.

பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கேமரா அணைந்திருக்கும்போது ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் இதில் ஒன்றும் நடக்காது, அது கெட்டுப்போனதல்ல, மோட்டார் வழியாகத்தான் ஃபோகஸ். கேமராவில் மாட்டி, கையால் ஃபோகஸ் செய்யும் எம்எஃப்பில் வைத்து, ஷட்டரைப் பாதி அழுத்திக்கொண்டு திருப்பிப் பாருங்கள். அப்புறம் எஃப் 8-ல் வெள்ளைச் சுவரை ஒரு படம், எஃப் 2.8-ல் கதவு நிலையை ஒரு படம், நான்கு மூலையும் ஒரே அளவு தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.